ஒரே மூச்சில் 3 பந்தயம்: காலைப் பழக்குமுன் மூச்சைப் பழக்குங்கள்!

சென்னை,

தண்ணீரில் நீந்திக் கரையேற வேண்டும். உடம்பில் ஈரம் சொட்டச் சொட்ட சைக்கிளில் ஏறி மிதிக்க வேண்டும். சைக்கிளை நிறுத்திய கையோடு ஓட வேண்டும். நடுவில் ஓய்வு கிடையாது. உட்கார்ந்து சோடா குடித்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதற்குப் பெயர் "டிரையத்லான்".

வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றுதான் நம் ஊரில் இதை நினைத்திருந்தார்கள். இப்போது அப்படி இல்லை. விடியற்காலை 5 மணிக்கு திருவான்மியூரில் நின்று பாருங்கள். மாமல்லபுரம் ரோட்டில் சைக்கிள்கள் சாரை சாரையாகப் போகின்றன. ஆபீஸ் போகிறவர்களும் கடை வைத்திருப்பவர்களும் அதில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் மனதில் இந்த டிரையத்லான் ஆசை இருக்கிறது.

எம்.பி.யும் குதித்தார்

2024 அக்டோபரில் கோவாவில் நடந்த "அயர்ன்மேன் 70.3" போட்டியை பெங்களூரு எம்.பி. தேஜஸ்வி சூர்யா முடித்தார். 2025 நவம்பரில் அதே கோவா போட்டியை தமிழக பா.ஜ.க. முன்னாள் தலைவர் அண்ணாமலையும் முடித்தார். கடலில் 1.9 கிலோ மீட்டர் நீச்சல், 90 கிலோ மீட்டர் சைக்கிள், 21.1 கிலோ மீட்டர் ஓட்டம். மூன்றையும் மைலாக மாற்றிக் கூட்டினால் 70.3. பெயர் வந்தது அப்படித்தான்.

பத்திரிகையில் படம் வந்தது. "அவரே பண்ணிட்டாரு, நாம பண்ண முடியாதா?" என்ற கேள்வி டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது.

பண்ணலாம். தாராளமாகப் பண்ணலாம். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவதற்கு இல்லை.

குற்றச் செய்தியும் மாநகராட்சிச் செய்தியும் எழுதுகிற இந்த நிருபருக்கு, மெரினா என்றால் சுண்டல் ஞாபகம் வராது. ஈர மணலில் கூடி நிற்கிற கூட்டமும், ஓரத்தில் ஜோடியாகக் கழற்றி வைத்த செருப்பும்தான் ஞாபகம் வரும். "நல்லா நீச்சல் தெரியும் சார், ஊருல பெரிய கிணத்துலயே குதிப்பான்" என்று கூட வந்த சிநேகிதர்கள் போலீசாரிடம் அழுதுகொண்டே சொல்லுவார்கள். அந்த வார்த்தையை எழுதி எழுதி கை மரத்துப் போய்விட்டது.

டிரையத்லானில் ஆளைக் கொல்லுவது சைக்கிளும் இல்லை, ஓட்டமும் இல்லை. தண்ணீர்தான்.

26 பேருக்கு அதுவே முதல் போட்டி

இதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான் போட்டிகளை டாக்டர்கள் அலசி, 2017ல் வெளியிட்டார்கள். பந்தயத்தின்போது இறந்தவர்களும், இதயம் நின்று பிழைக்க வைக்கப்பட்டவர்களும் சேர்த்து 135 பேர். அதில் 90 பேருக்கு ஆபத்து வந்தது நீச்சல் பகுதியில்.

இன்னொன்று. அந்த 135 பேரில் 68 பேரின் பழைய அனுபவம் தெரிந்தது. அந்த 68 பேரில் 26 பேருக்கு அதுதான் முதல் போட்டி!

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. லட்சம் பேர் கலந்துகொண்டால் ஆபத்து 2 பேருக்கும் குறைவுதான். அண்ணாசாலையைக் குறுக்கே கடக்கிறவர்கள் இதற்குப் பயப்பட வேண்டியது இல்லை. ஆனால் 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு அதே கணக்கு லட்சத்துக்கு 18க்கு மேல் போகிறது. பிரேதப் பரிசோதனை விவரம் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு இதயத்திலோ ரத்தக் குழாயிலோ ஏற்கனவே கோளாறு இருந்திருக்கிறது.

ஆகவே முதல் வேலை, சைக்கிள் கடைக்குப் போவது அல்ல. டாக்டரிடம் போவது. வயது 35ஐ தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதில் மாரடைப்பு வந்தவர்கள், "இப்படி ஒரு போட்டிக்குப் போகிறேன்" என்று விஷயத்தைச் சொல்லி இதயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சும்மா "செக்கப்" என்று சொன்னால் டாக்டர் சும்மா பார்த்து அனுப்பிவிடுவார்.

எது சின்னது?

முதல் போட்டிக்கு எம்.பி. ஓடிய தூரம் வேண்டாம். "ஸ்பிரிண்ட்" என்று ஒன்று இருக்கிறது. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோ மீட்டர் சைக்கிள், 5 கிலோ மீட்டர் ஓட்டம். புதிதாக வருகிறவர் 2 மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். ஒலிம்பிக்கில் நடப்பது இதைப்போல இரண்டு மடங்கு. "அயர்ன்மேன்" என்ற முழுப் போட்டி 3.8 கிலோ மீட்டர் நீச்சல், 180 கிலோ மீட்டர் சைக்கிள், அதற்கு மேல் ஒரு முழு மாரத்தான். அந்தப் பக்கம் இப்போது தலை வைத்துப் படுக்க வேண்டாம்.

விளையாட்டு ஒன்றும் பழசு இல்லை. 1974 செப்டம்பர் 25ந்தேதி அமெரிக்காவின் சாண்டியாகோ நகரில் ஓட்டக்காரர்கள் கூடி மாலை நேரத்தில் நடத்திப் பார்த்தது. 46 பேர் கலந்துகொண்டார்கள். அதில் கலந்துகொண்ட கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ்தான் 1978ல் ஹவாய் தீவில் முதல் அயர்ன்மேனை நடத்தினார். 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோனது. துணைக்கு வந்த ஆட்கள் பீரைக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு ஓடினார்! நம் ஆட்கள் இதை மட்டும் உதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிணற்று நீச்சல் போதுமா?

ஆதம்பாக்கத்தில் குடியிருக்கிற ஒரு குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 36. பகல் முழுக்க நாற்காலி. போக வர ரெயிலில் நின்றபடி பயணம். கொஞ்சம் தொப்பை. "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையாங்க?" என்று வீட்டில் கேள்வி. டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார். கையில் 12 வாரம் இருக்கிறது. வாரத்துக்கு 5 மணி நேரம் ஒதுக்க முடியும்.

அவர் அதில் பாதியைத் தண்ணீருக்குக் கொடுக்க வேண்டும். சைக்கிளும் ஓட்டமும் எப்படியாவது வந்துவிடும். மூச்சு வாங்கினால் நிறுத்தி நின்றுகொள்ளலாம். தண்ணீரில் நிற்க முடியாது.

வேளச்சேரியில் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய நீச்சல் குளம் இருக்கிறது. 50 மீட்டர் நீளம். 15 தடவை கடந்தால் 750 மீட்டர். கேட்பதற்குச் சின்ன கணக்கு. முதல் நாள் ஒரு தடவை கடப்பதற்குள் நாக்கு தள்ளிவிடும்.

ஊரில் சுரைக்குடுக்கையோ லாரி டியூபோ கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டே அடிப்பார்கள். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும். உடம்பு சாய்ந்த படகு மாதிரி ஆகிவிடும். 100 மீட்டருக்குள் கழுத்து வலிக்கும், தோள் விட்டுப்போகும். கிணற்றின் குறுக்களவுக்கு அது போதும். 750 மீட்டருக்குப் போதாது.

முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கப் பழக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு, முகம் உள்ளே போனதும் மூச்சை அடக்கிக்கொள்வது. அடக்கினால் கெட்ட காற்று உள்ளேயே தங்கும். அதுதான் நெஞ்சை முட்டும். "காற்று பத்தவில்லை" என்று தோன்றும். உண்மையில் விடவில்லை என்றுதான் அர்த்தம்.

முகம் உள்ளே இருக்கிறவரை மூக்காலும் வாயாலும் குமிழி குமிழியாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பும்போது இழுக்க மட்டும்தான் நேரம். முதல் வாரம் முழுவதும் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு இதையே செய்யலாம். பக்கத்தில் 8 வயசுப் பையன் பார்த்துச் சிரிப்பான். சிரிக்கட்டும்.

பிறகு 25 மீட்டர், நின்று மூச்சு வாங்கி, மறுபடி 25 மீட்டர். நாலாவது வாரத்தில் 100 மீட்டரை நாலு தடவை. எட்டாவது வாரத்தில் நிற்காமல் 400. பத்தாவது வாரத்தில் 750ஐ நிற்காமல் இரண்டு நாளாவது முடித்துப் பார்த்திருக்க வேண்டும். வேகம் பற்றிப் பேச்சே வேண்டாம். கரையேறும்போது இன்னும் 100 மீட்டர் போகலாம் என்று தோன்றினால் சரியாகப் பழகி இருக்கிறார் என்று அர்த்தம்.

கூடவே மல்லாந்து மிதக்கப் பழக வேண்டும். இது பந்தயத்துக்கு இல்லை, உயிருக்கு. எந்த நேரத்திலும் சட்டென்று புரண்டு, வானத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிஷம் மிதக்கத் தெரியாதவர் கடலில் இறங்கவே கூடாது.

கடல் வேறு

குளத்துக்கு அடியில் கறுப்புக் கோடு போட்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே போகலாம். கடலில் கோடு கிடையாது. பிடித்துக்கொள்ள சுவர் கிடையாது. சுற்றிலும் 100 பேர் கை கால் அடிப்பார்கள். ஒருவர் உதைத்தால் கண்ணாடி கழன்றுபோகும். வாயில் உப்புத் தண்ணீர் ஒரு மடக்கு போகும். நெஞ்சு படபட என்று அடிக்கும். குளத்தில் 1,000 மீட்டர் அடித்தவர்கூட இங்கே முதல் 200 மீட்டரில் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

முதலை மாதிரி கண்ணை மட்டும் மேலே தூக்கி, எதிரே மிதவை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு முகத்தை இறக்கிக்கொள்ள வேண்டும். பத்து கைவீச்சுக்கு ஒரு தடவை. இல்லாவிட்டால் 750 மீட்டர் ஆயிரம் மீட்டர் ஆகிவிடும்.

வெளிநாட்டில் குளிர்ந்த தண்ணீரில் "வெட்சூட்" என்ற ரப்பர் உடுப்பு போட்டு நீந்துகிறார்கள். அது ஆளை மிதக்க வைக்கும். நம் கடல் தண்ணீரின் சூட்டுக்குப் போட்டி விதியில் அதற்கு அனுமதி கிடையாது. வெளிநாட்டு வீடியோவில் சொல்லுகிற யோசனையைக் கேட்டுவிட்டு இறங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே புதிய ஆளுக்குக் கிடைக்கிற மிதப்பு இங்கே நமக்குக் கிடைக்காது.

அடுத்த கேள்வி: கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, மெரினாவில் இறங்கிப் பழகினால் என்ன?

கூடாது. அங்கே குளிப்பதற்கே போலீஸ் தடை இருக்கிறது. தடை சும்மா போடவில்லை. இறங்கிய கொஞ்ச தூரத்திலேயே ஆழம் பிடிக்கும். கரையை ஒட்டி நீரோட்டம் ஓடுகிறது. 1870களில் துறைமுகத்துக்குக் கல்சுவர் போட ஆரம்பித்த பிறகுதான் மெரினாவில் இவ்வளவு மணல் சேர்ந்தது. தெற்கே இருந்து மணலை அள்ளிக்கொண்டு வந்தது அந்த நீரோட்டம்தான். மணலையே இழுக்கிற தண்ணீருக்கு ஆள் எம்மாத்திரம்?

கடற்கரையில் நின்று கவனித்தால் ஒன்று தெரியும். வரிசையாக அலை உடையும்போது ஓர் இடத்தில் மட்டும் உடையாமல் சாதுவாக இருக்கும். "இங்கே அலை இல்லையே" என்று அந்த இடத்தில்தான் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் திரும்பிப் போகிற வழி அது. ஆளையும் சேர்த்து இழுத்துப் போகும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. தெம்பு தீர்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

கடல் பயிற்சி வேண்டும் என்றால் கோவளம் போன்ற இடத்தில், பயிற்சியாளரோடு, கடலை அறிந்த மீனவர் படகு பக்கத்தில் வர, கும்பலாகத்தான் இறங்க வேண்டும். தலையில் பளிச்சென்ற நிறத்தில் தொப்பி. இடுப்பில் கயிறு கட்டிய மிதவைப் பை. கடற்கரையில் துணி பார்த்துக்கொள்ள ஒருவர். 1994ல் 12 வயதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த நம் குற்றாலீஸ்வரன்கூட துணைப் படகு இல்லாமல் தண்ணீரில் இறங்கியது இல்லை.

பாரீசிலும் ஒரு கூவம்

தண்ணீர் சுத்தமா என்பதையும் பார்க்க வேண்டும். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் சீன் நதியில் நீச்சல் வைத்தார்கள். நதியைச் சுத்தப்படுத்த 140 கோடி யூரோ செலவு. மழை பெய்ததும் சாக்கடை கலந்துவிட்டது. ஜூலை 30ந்தேதி நடக்க வேண்டிய ஆண்கள் டிரையத்லான் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. கூவம் கடலில் கலக்கிற இடமும் அடையாறு கலக்கிற இடமும் எங்கே இருக்கின்றன என்று சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. மழைக்கு மறுநாள் இரண்டுக்கும் பக்கத்தில் போகாதீர்கள்.

சைக்கிள் எது?

லட்ச ரூபாய் சைக்கிள் தேவை இல்லை. பிரேக் பிடிக்கிற, கியர் உள்ள எந்த சைக்கிளும் முதல் போட்டிக்குப் போதும். சீட்டின் உயரம்தான் முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மடங்கி இருந்தால் முழங்கால் வலி நிச்சயம். பஞ்சர் ஆனால் டியூப் மாற்ற ஒரு தடவை கடைக்காரரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். போட்டியில் பெரும்பாலும் யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

திருவான்மியூரில் இருந்து முட்டுக்காடு வரை ஏறக்குறைய 20 கிலோ மீட்டர். போட்டித் தூரமே அதுதான். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பி, 7 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு கார்களின் ராஜ்ஜியம். இரவெல்லாம் கேளிக்கை முடித்து வருகிற கார்களும் விடியற்காலையில் அதே ரோட்டில்தான் வரும். பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு, தலையில் ஹெல்மெட். பாட்டுக் கேட்கிற கருவி காதில் வேண்டவே வேண்டாம். ரோட்டு ஓரத்தில் மணல் படிந்திருக்கும். அதில் பிரேக் போட்டால் சறுக்கும்.

சாதாரணப் போட்டிகளில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றுத் தடையில் இருந்து தப்பிப்பது குற்றம். பத்து பன்னிரண்டு மீட்டர் தள்ளி வர வேண்டும். ஹெல்மெட் வாரை மாட்டாமல் சைக்கிளைத் தொட்டாலே தண்டனை உண்டு. போட்டிக்கு முன்பு விதிப் புத்தகத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

காலா, கட்டையா?

சைக்கிளை விட்டு இறங்கி ஓட ஆரம்பித்தால் கால் நம்முடைய கால் மாதிரியே இருக்காது. தொடை மரத்துப்போய் இருக்கும். வாடகைக்கு வாங்கிய கால் மாதிரி தடுமாறும். முதல் ஒரு கிலோ மீட்டர் இப்படித்தான்.

இதற்கு ஒரே வைத்தியம், இரண்டையும் சேர்த்துப் பழகுவது. வாரத்துக்கு ஒரு நாள் 40 நிமிஷம் சைக்கிள் மிதித்து, வீட்டு வாசலில் சாத்திவிட்டு, மூச்சு விடாமல் 10 நிமிஷம் மெதுவாக ஓடுவது. தெருநாய்கள் துரத்தும். அது சென்னையின் தனிப் பாடம். நாய் இல்லாத பூங்காவோ மைதானமோ பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் ஓட்டம் வாரத்துக்கு இரண்டு தடவை போதும். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

உடை மாற்றுவதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். நாடகத்தில் ஒரே ஆள் இரண்டு வேஷம் போடுவதைப்போலத்தான். துண்டை விரித்து, அதன் மேல் ஹெல்மெட், ஷூ, நம்பர் கட்டிய பெல்ட் எல்லாவற்றையும் எடுக்கிற வரிசையில் வைக்க வேண்டும். மொட்டை மாடியில் நாலு தடவை செய்து பார்த்தால் போதும். ஈரக்காலில் ஷூ போடுவது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போது தெரியும்.

தவழ்ந்து வந்த பெண்

சாப்பாட்டை அலட்சியம் செய்தவர் கதை ஒன்று உலகப் பிரசித்தம். 1982 பிப்ரவரியில் ஹவாய் அயர்ன்மேனில் ஜூலி மோஸ் என்ற கல்லூரி மாணவி முதலாவதாக வந்துகொண்டிருந்தார். முடிவுக் கோட்டுக்குச் சில அடி தூரத்தில் தெம்பெல்லாம் வற்றி விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். பின்னால் வந்த கேத்லீன் மெக்கார்ட்னி தாண்டிப் போய் ஜெயித்துவிட்டார். ஜூலி கையை ஊன்றித் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். 29 வினாடி வித்தியாசம். அமெரிக்கா முழுவதும் டெலிவிஷனில் அதைப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் இந்த விளையாட்டுக்கு மவுசு கூடியது.

ஸ்பிரிண்ட் போட்டிக்கு அவ்வளவு பயம் வேண்டாம். இரண்டு மணி நேரம் முன்பே இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம். வழக்கமாகச் சாப்பிடாத எதையும் அன்றைக்கு வாயில் போடக் கூடாது. நம் ஊர் வெயிலில் வேர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். உப்புப் போட்ட நீர்மோரும் எலுமிச்சை ஜூசும் பயிற்சிக்கு நல்லது. ஓடும்போது வேர்வை நின்று, தலை சுற்றி, குளிர் எடுத்தால் உடனே நிழலுக்குப் போக வேண்டும். கத்தரி வெயில் மாதத்தில் 8 மணிக்கு மேல் பயிற்சியே வேண்டாம்.

பணம் கட்டுமுன் கேளுங்கள்

போட்டி நடத்துகிறவர்களிடம் பணம் கட்டுமுன் நாலு கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தண்ணீரில் எத்தனை படகு? காப்பாற்றுகிற ஆள் எத்தனை பேர்? கரையில் டாக்டரும், நின்ற இதயத்தை ஓட வைக்கிற கருவியும் இருக்கிறதா? அலை பெரிதாக இருந்தால் நீச்சலை ரத்து செய்வார்களா? "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சில போட்டிகளில் நீச்சலைக் குளத்திலேயே வைக்கிறார்கள். முதல் தடவைக்கு அதுவே உத்தமம்.

முந்திய வாரம் காய்ச்சல் வந்திருந்தால் போகக் கூடாது. கட்டிய பணம் போகட்டும்.

பந்தய நாள் காலையில் பத்து நிமிஷம் தண்ணீரில் இறங்கி உடம்பைச் சூடுபடுத்திக்கொள்ளுங்கள். ஊதல் ஊதியதும் எல்லாரும் பாய்வார்கள். பாயட்டும். கடைசி வரிசையில், ஓரமாக நில்லுங்கள். முப்பது எண்ணிவிட்டு இறங்குங்கள். நடுவில் நெஞ்சு படபடத்தால் மல்லாந்து புரண்டு மூச்சை வெளியே விடுங்கள். நெஞ்சு வலித்தால், மூச்சு திணறினால் ஒரு கையைத் தூக்குங்கள். படகு வரும். பல போட்டிகளில் படகைப் பிடித்துக்கொண்டு ஓய்வு எடுக்க விதி இடம் கொடுக்கிறது. படகு உங்களை முன்னால் இழுத்துப் போகக் கூடாது, அவ்வளவுதான். மூச்சு வந்ததும் கையை விட்டுவிட்டு மறுபடி நீந்தலாம். வராவிட்டால் படகிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு கரைக்கு வந்துவிடுங்கள்.